அம்புக்குறியின் மேல் என்ன எழுதுகிறார்கள்?

அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர் ஒன்றிலிருந்து இளம் விரிவுரையாளர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மட்டக்களப்பில் உள்ள தனியார் நிறுவனம் ஒன்று இணையவழியில் நடத்தும் சமூக சுகாதாரச் சான்றிதழ்க் கற்கைநெறியில் இவர் கற்பிக்கிறார். வகுப்பில் 38 பேர். வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை பரந்திருக்கிறார்கள். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள், கடைகளில் வேலை செய்பவர்கள், கைக்குழந்தையோடு இருக்கும் தாய்மார், பல ஆண்டுகள் சுகாதாரத் தொண்டராக வேலை செய்த ஒரு மூத்த அக்கா என்று கலவையான வகுப்பு. இரவு 7 மணிக்கு ஸூம் திறந்தால் கறுப்புச் சதுரங்கள்தாம் தெரிகின்றன. "விளங்கியதா?" என்று கேட்டால் "ஓம் மிஸ்" என்று இரண்டு பேர் எழுதுகிறார்கள். மற்றவர்கள் இருக்கிறார்களா, எழுந்து போய்விட்டார்களா என்று தெரியவில்லை.

செயலமர்வு ஒன்றில் கேள்விப்பட்ட கூட்டு எண்ணக்கரு வரைபடத்தை இவர் முயன்று பார்த்திருக்கிறார். பலருக்கும் இது புதிதாக இருக்கலாம். எண்ணக்கருக்களைப் பெட்டிகளில் எழுதி, அம்புக்குறியால் இணைத்து, இரண்டுக்கும் என்ன உறவு என்பதை அம்பின்மேல் எழுத வேண்டும். அதைப் பலர் சேர்ந்து ஒரே பலகையில் வரைந்தால் கூட்டு வரைபடம். இவர் நடுவில் "டெங்கு" என்று எழுதி, பலகையின் இணைப்பை வகுப்புக்கு அனுப்பி, எல்லோரையும் சேர்ந்து வரையச் சொன்னார். மூன்று பேர் முழுவதையும் வரைந்து முடித்தார்கள். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் கிராமம் ஒன்றிலிருந்து தொலைபேசியில் வந்த ஒரு தம்பிக்குப் பலகை திறக்கவே இல்லை. மூத்த அக்கா "டெங்கு நுளம்பு – நல்ல தண்ணீரில் மட்டும் – முட்டையிடும்" என்று எழுதியதை ஓர் இளைய மாணவி பிழையென்று அழித்துவிட்டார். தன் ஊர்க் கடற்கரையில் கிடக்கும் பழைய தோணிக்குள் தேங்கிய உவர்த் தண்ணீரிலும் குடம்பி (நுளம்பின் புழுப் பருவம்) நெளிவதைப் பார்த்ததாக அந்த மாணவி பிறகு தனியாகச் சொன்னாராம். அக்கா அன்றிரவே வட்ஸ்அப் குழுவிலிருந்து விலகினார். வகுப்புக்கும் வருவதில்லை.

ஆனால் முடிந்த படம் வண்ணமயமாக இருந்தது. அதைப் பார்த்த பணிப்பாளர், மாணவர்களின் பெயர்களோடு நிறுவனத்தின் முகநூல் பக்கத்தில் போடச் சொல்கிறார். கெமரா போடாதவர்களுக்கு வரவு இல்லை என்று அறிவிக்கவும் சொல்கிறார். வாசகி கேட்பது இவைதான்: எல்லோரையும் பங்குபற்ற வைப்பது எப்படி? இதற்கு எந்தச் செயலி சிறந்தது? பலகையின் திருத்த வரலாற்றைப் பார்த்து, வேலை செய்யாதவர்களைக் கண்டுபிடித்துப் புள்ளி குறைக்கலாமா? தானே ஒரு நல்ல வரைபடம் வரைந்து பீடீஎப்பாகக் கொடுத்துவிட்டால் என்ன? இல்லை, இந்த முறையையே விட்டுவிட்டுப் பழையபடி விரிவுரைக்குப் போகலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்ற இடம் அந்தத் தோணி. கறுப்புச் சதுரங்களைப் பற்றியும் பணிப்பாளரைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, இதை மூன்று வரியில் ஒரு சண்டையாக மட்டும் சொல்லிப் போயிருக்கிறீர்கள். உங்கள் வகுப்பில் அன்று உண்மையில் நடந்த பாடம் அதுதான். அது தொடங்கிய இடத்திலேயே அழிக்கப்பட்டுவிட்டது. கூட்டு வரைபடம் தோற்றுவிட்டதாக நீங்கள் நினைக்கிறீர்கள். அது வேலை செய்யத் தொடங்கிய நிமிடத்தை உங்களால் பிடித்து நிறுத்த முடியவில்லை என்பதே என் கருத்து.

அக்கா எழுதியது ஆதாரமில்லாத பேச்சு அல்ல. டெங்கு நுளம்பு தெளிந்த, தேங்கிய நீரில் பெருகும் என்று சுகாதாரப் பணியாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்தால் அது பெரும்பாலும் சரி. சிரட்டை, டயர், கூரைப்பீலி, பூச்சாடித் தட்டு எல்லாம் அதில் அடங்கும். அந்த மாணவி சொன்னதையும் தள்ள முடியாது. மட்டக்களப்பை அண்டிய கரையோரத்தில் உவர் கலந்த நீரிலும் டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்புகளின் குடம்பிகள் வளர்வது 2011இல் வெளியான ஆய்வொன்றில் பதிவாகியிருக்கிறது. வீசப்பட்ட பிளாஸ்டிக், கண்ணாடிப் பாத்திரங்கள், பாவிக்காத கிணறுகள் ஆகியவற்றோடு, கைவிடப்பட்ட மீன்பிடிப் படகுகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. அதே நேரம், தோணிக்குள் நெளிந்தது எந்த நுளம்பின் குடம்பி என்று அந்த மாணவியால் வெறுங்கண்ணால் பார்த்துச் சொல்லியிருக்க முடியாது. ஆக, இருவரிடமும் பாதிப் பாதி இருந்தது. பெட்டிகள் இரண்டும் சரியாகவே இருந்தன. பிசகு அம்புக்குறியின் மேல் இருந்த "மட்டும்" என்பதில் ஒளிந்திருந்தது.

எண்ணக்கரு வரைபடம் எதற்காக உருவானது என்பதும் இங்கேதான் விளங்கும். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக்கும் அவருடைய குழுவினரும் 1972இல் இதை அமைத்தது மாணவர்களைச் சுறுசுறுப்பாக வைத்திருப்பதற்காக அல்ல. விஞ்ஞானம் படிக்கும் சிறுவர்களின் விளக்கம் ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. பிள்ளைகளோடு நடத்திய நீண்ட நேர்காணல்களின் எழுத்துப் பிரதிகள் குவிந்து கிடந்தன. அவற்றிலிருந்து மாற்றத்தைப் பிடிக்க முடியவில்லை. அதற்கு ஒரு வழியாகவே இந்தப் படம் வந்தது. கற்பவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதே கற்றலில் மிக முக்கியமான காரணி என்று சொன்ன கல்வி உளவியலாளர் டேவிட் ஓசுபெலின் கொள்கைதான் இதற்கு அடிப்படை. ஆகவே வரைபடம் முதலில் ஒரு பரிசோதனைக் கருவி. ஒருவர் மனதில் இரண்டு விடயங்கள் எப்படி இணைந்திருக்கின்றன என்பதை அம்பின்மேல் உள்ள சொல் காட்டிக்கொடுக்கும். சொல் இல்லாத அம்பு எதையும் காட்டாது.

உங்கள் வகுப்பின் வண்ணப்படத்தை இணைத்து அனுப்பியிருந்தீர்கள். அதில் அம்புகள் நிறைய இருக்கின்றன. பெரும்பாலானவற்றின் மேல் எழுத்தே இல்லை. "மழை" என்ற பெட்டியிலிருந்து "டெங்கு" என்ற பெட்டிக்கு ஓர் அம்பு போகிறது. மழை டெங்கை என்ன செய்கிறது? கூட்டுகிறதா? கடும் மழை குடம்பிகளை அடித்துக்கொண்டும் போகலாமே? மழை விட்ட பிறகு தேங்கும் நீர்தானே கேடு? கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கு அஞ்சி வீட்டுக்குள் பாத்திரங்களில் நிரப்பி வைக்கிறோமே, அது எங்கே? இந்தக் கேள்விகள் எதையும் அந்த அம்பு கேட்கவில்லை. நீங்கள் பெற்றது எண்ணக்கரு வரைபடமே அல்ல. நடுவில் ஒரு தலைப்பும் நாலாபுறமும் கிளைகளுமாக விரியும் மனவரைபடம் அது. ஞாபகப்படுத்திக்கொள்ள அதுவும் நல்லதுதான், ஆனால் அதில் ஒருவரோடு ஒருவர் முரண்பட இடமில்லை. முரண்பட எதுவும் இல்லாத இடத்தில் 38 பேர் எதைப் பேசுவார்கள்?

தலைப்புக் கொடுக்காதீர்கள், கேள்வி கொடுங்கள்

"டெங்கு" என்பது தலைப்பு. அதைக் கொடுத்தால் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததைக் கொட்டிவிட்டுப் போவார்கள். "மாரி மழை விட்ட பிறகும் எங்கள் ஊரில் டெங்கு ஏன் ஓய்வதில்லை?" என்பது கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் மழை, தேங்கிய நீர், முட்டை, சிரட்டை, நீர்ச் சேமிப்பு, குப்பை அகற்றல், காய்ச்சல், பாடசாலை என்று பல பெட்டிகளைக் கோர்க்க வேண்டும். முட்டை, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு நீரில்லாமலே மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். மறுபடி நீர் ஏறியதும் பொரிக்கும். ஒரு வாரம் பத்து நாளில் பறக்கும் நுளம்பாகிவிடும். இது தெரிந்தவர் "நீரை ஊற்றிவிட்டால் போதும்" என்று எழுதியவரோடு மோத வேண்டியே வரும். அந்த மோதல்தான் உங்களுக்கு வேண்டியது.

பெட்டிகளுக்கான சொற்களை முன்கூட்டியே ஒரு பட்டியலாகக் கொடுத்துவிடலாம். நோவாக்கும் அவரோடு சேர்ந்து எழுதிய ஆல்பெர்ட்டோ கன்யாஸும் ஒரு வரைபடத்துக்கு 15 முதல் 25 எண்ணக்கருக்கள் போதும் என்பார்கள். தொலைபேசித் திரையில் வேலை செய்யும் வகுப்புக்கு நான் 12க்கு மேல் கொடுக்க மாட்டேன். இரண்டு மூன்று பெட்டிகளை நீங்களே இணைத்து ஒரு எலும்புக்கூடு போலக் கொடுப்பதும் தவறில்லை, வெறும் பலகையைக் கண்டு மிரளுபவர்களுக்கு அது பிடிமானம்.

ஆனால் முழு வரைபடத்தையும் நீங்களே வரைந்து பீடீஎப்பாக அனுப்பும் யோசனையை விட்டுவிடுங்கள். ஆயத்த வரைபடத்தைப் படிப்பதாலும் ஓரளவு பயன் உண்டு. தாமே வரைபவர்களுக்குப் பயன் அதிகம் என்றே பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2018ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு காட்டியது. நடைமுறைக் காரணம் அதைவிட எளிமையானது. மிஸ் வரைந்த படம் கையில் கிடைத்ததும், அது பரீட்சைக்கு முதல் நாள் பார்த்துக்கொள்ள வேண்டிய பொருளாக மாறிவிடும்.

38 பேருக்கு ஒரே பலகை

பிரெஞ்சு வேளாண் பொறியியலாளர் மாக்ஸ் ரிங்கல்மான் ஆட்களைக் கயிறிழுக்க வைத்து அளந்து பார்த்தார். ஆள் கூடக் கூட ஒவ்வொருவரும் செலுத்திய விசை குறைந்தது. 1913இல் அதை வெளியிட்டார். இரு அணிகள் கயிறிழுக்கும் நம் கொம்புமுறி விளையாட்டில் வடசேரிக்கும் தென்சேரிக்கும் கயிறு பிடித்தவர்களுக்கு இதை யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. பின்வரிசையில் கயிற்றைத் தொட்டுக்கொண்டு கூச்சல் மட்டும் போடுபவர் எந்த ஊரிலும் உண்டு. உங்கள் மாணவர்கள் சோம்பேறிகள் என்று முடிவுகட்டிவிட்டீர்கள். அவர்களை அந்தப் பின்வரிசையில் நிறுத்தியது உங்கள் ஏற்பாடு.

மூன்று அல்லது நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள். அதுவும் போதாது. நாலு பேர் குழுவிலும் ஒருவர் வரைவார், மூவர் "சரி" என்பார்கள். ஒருவரிடம் உள்ளது மற்றவரிடம் இல்லாதபடி செய்தால்தான் பேச்சு பிறக்கும். அமெரிக்காவின் ஒஸ்ரினில் உளவியலாளர் எலியட் அரோன்சன் 1971இல் வகுப்பறைகளில் புகுத்திய ஜிக்சோ முறை இதுதான். பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொரு துண்டு கொடுப்பார்; முழுவதும் தெரிய வேண்டுமானால் ஒருவர் மற்றவரிடம் கேட்டே ஆக வேண்டும். உங்கள் வகுப்பில் ஒருவர் தன் வளவைச் சுற்றி நடந்து நீர் தேங்கிய இடங்களைக் குறித்து வரட்டும். இன்னொருவர் அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இரண்டு கேள்வி கேட்டு வரட்டும். மூன்றாமவர் நுளம்பின் வாழ்க்கை வட்டத்தையும், நான்காமவர் காய்ச்சலின் அறிகுறிகளையும் உங்கள் குறிப்பிலிருந்து படிக்கட்டும். இணையவழி வகுப்புக்கு இதில் ஒரு வாய்ப்பும் இருக்கிறது. வாழைச்சேனை வளவும் பொத்துவில் வளவும் ஒன்றல்ல. ஒரே வகுப்பறையில் உட்கார்ந்திருந்தால் இந்த வேறுபாடு உங்களுக்குக் கிடைத்திராது.

வரிசையும் முக்கியம். முதலில் ஒவ்வொருவரும் தனியாக, கொப்பியில், பத்து நிமிடம். குறிப்பை மூடி வைத்துவிட்டு, நினைவிலிருந்து வரைய வேண்டும். இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. ஜெப்ரி கார்ப்பிக்கும் ஜனெல் பிளண்டும் 2011இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியிட்ட பரிசோதனையில், பாடத்தை முன்னால் வைத்துக்கொண்டு வரைபடம் போட்டவர்களைவிட, மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். வரைபடத்தின் எதிரிகள் இதைப் பெரிதாகக் காட்டுவார்கள். குறிப்பை மூடச் சொன்னால் இரண்டின் பயனையும் சேர்த்தே பெறலாம் என்பது என் எண்ணம். தனி வரைவு முடிந்த பிறகே குழு கூடட்டும். கையில் ஏற்கெனவே ஒன்றை வைத்திருப்பவர் அதை விட்டுக்கொடுக்காமல் பேசுவார். வெறுங்கையோடு வருபவர் தலையாட்டுவார்.

அழிக்கக் கூடாது

மூத்த அக்காவின் பெட்டியை இளையவர் அழித்தது இன்னொரு நாட்டில் சிறு விடயமாக இருந்திருக்கலாம். இங்கே அக்காவோடு நேருக்கு நேர் "இது பிழை" என்று சொல்லத் தயங்கும் பிள்ளை, திரைக்குப் பின்னால் இருக்கும்போது ஒரு பொத்தானை அழுத்திவிடும். அழிக்கப்பட்டவருக்கோ அது சபையில் வாயை மூடச் சொன்னதற்குச் சமம். அந்தப் பிள்ளையின் துணிவையும் நான் குறை சொல்ல மாட்டேன். இருவருக்கும் இடையில் ஒரு விதி இருந்திருக்க வேண்டும். அதை வகுக்க வேண்டியவர் நீங்கள்.

விதி இதுதான்: பிறர் எழுதியதை யாரும் அழிக்கக் கூடாது. உடன்பாடு இல்லையென்றால் அம்பின் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, தன் காரணத்தையும் பெயரையும் எழுத வேண்டும். குழு பேசி முடிவெடுத்த பிறகு, முதலில் எழுதியவரே திருத்துவார். முடிவு எட்டாவிட்டால் கேள்விக்குறி அப்படியே நிற்கட்டும். முடிந்த வரைபடத்தில் இரண்டு மூன்று கேள்விக்குறி இருந்தால் அது குறை என்று நினைக்காதீர்கள். அடுத்த வகுப்பை அவற்றிலிருந்தே தொடங்கலாம்.

அந்த அக்காவுக்கு வட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவதோடு நிறுத்திவிடாதீர்கள். நீங்களே அழைத்துப் பேசுங்கள். விதி சொல்லாமல் விட்டது உங்கள் தவறு என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. பிறகு அந்தத் தோணிக் கதையைச் சொல்லி, களத்தில் இத்தனை ஆண்டு நின்றவர் என்ற முறையில் அவர் என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள். சமாதானம் சொல்வதைவிட அவருடைய அனுபவத்தைக் கேட்பது அவரைத் திரும்ப அழைத்துவர அதிக வாய்ப்புண்டு. அந்த மாணவியைக் குழுவில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கச் சொல்ல வேண்டாம். அப்படிச் செய்தால் இனி யாரும் எந்த அம்பையும் தொட மாட்டார்கள்.

தொலைபேசியும் படுவான்கரையும்

படுவான்கரைத் தம்பியைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது பெரிய விடயமாகப் படுகிறது. எந்தச் செயலி சிறந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். புளோரிடாவிலுள்ள ஆய்வு நிறுவனம் ஒன்று இதற்கென்றே உருவாக்கிய சீமெப் டூல்ஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கணினி உள்ளவர்களுக்கு நல்லது. உங்கள் வகுப்பில் கணினி உள்ளவர்கள் எத்தனை பேர்? பெரும்பாலானோர் தொலைபேசியிலும் ரீலோட் போட்ட டேட்டாவிலும் வருகிறார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். சிறிய திரையில் பெட்டியை இழுத்து அம்பு போடுவது கையெழுத்துப் பழகுவதைவிடச் சிரமம்.

ஆகவே கொப்பியும் பென்சிலும்தான் என் பரிந்துரை. தனி வரைவைப் படமெடுத்து நால்வர் வட்ஸ்அப் குழுவில் போடட்டும். குரல் பதிவில் வாதிடட்டும். எழுதத் தயங்குபவர்கள் பேசுவதற்குத் தயங்க மாட்டார்கள். ஒருவர், முறைவைத்து, பொது வரைபடத்தைத் தாளிலோ பலகையிலோ சேர்த்து எழுதட்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டியதில்லை. கடையில் இரவு எட்டரை வரை நிற்பவர் பத்து மணிக்குக் கேட்டுப் பதில் சொல்லலாம். திங்கள் தொடங்கி வியாழன் முடித்தால் ஸூம் நேரத்தைக் கேள்விக்குறிகளுக்காக வைத்துக்கொள்ளலாம். பலகைச் செயலி பாவித்தால் முடிந்ததும் படமாகச் சேமித்துவிடுங்கள். கூகிளின் ஜாம்போர்ட்டையே நம்பியிருந்த ஆசிரியர்கள் பலர் 2024 இறுதியில் அது மூடப்பட்டபோது கையைப் பிசைந்தார்கள்.

கெமராவும் புள்ளியும்

கெமரா மூடியிருந்தால் மாணவர் கவனிக்கவில்லை என்று நீங்களும் பணிப்பாளரும் ஒருசேர நம்புகிறீர்கள். கெமரா திறந்திருப்பவர் கவனிக்கிறார் என்பதற்கும் உத்தரவாதம் இல்லையே. ஒரே அறையில் மாமியார், பிள்ளைகள், தொலைக்காட்சி எல்லாம் இருக்கும் வீட்டிலிருந்து வரும் பெண், 37 பேருக்கு அதைத் திறந்து காட்ட விரும்பாதது இயல்பு. பெண் பிள்ளையின் முகம் தெரியாத ஆண்களின் திரைகளில் தோன்றுவதையும், அதை யாரேனும் படமெடுக்கக்கூடும் என்பதையும் எண்ணி வீட்டார் தயங்குவார்கள். வீடியோ டேட்டாவையும் தின்னும். கட்டாயப்படுத்தினால் முதலில் விலகிப்போவது உங்கள் கைக்குழந்தைத் தாய்மாராகத்தான் இருக்கும். பணிப்பாளரிடம் இதைக் கட்டணக் கணக்காகவே சொல்லிப் பாருங்கள், புரிந்துகொள்வார். வரவுக்கு ஆதாரம் வேண்டுமென்றால், அந்த வாரம் ஒவ்வொருவரும் வரைந்த தனி வரைவின் படமே போதும்.

பலகையின் திருத்த வரலாற்றைப் பார்த்து, யார் எத்தனை தடவை தொட்டார் என்று எண்ணிப் புள்ளி போடும் யோசனை ஆபத்தானது. அண்ணனின் தொலைபேசியை இரவல் வாங்கி வருபவரின் வேலை அண்ணனின் பெயரில் பதிவாகும். சொல்லிக் கொடுத்தவர் ஒருவர், தட்டியவர் இன்னொருவர். எண்ணுகிறீர்கள் என்று தெரிந்த மறுநாளே பெட்டிகளை இப்படியும் அப்படியும் நகர்த்தி எண்ணிக்கையைக் கூட்டுவார்கள்.

நோவாக்கும் பொப் கோவினும் 1984இல் தந்த புள்ளித் திட்டத்தில் சரியான இணைப்பு ஒன்றுக்கு 1 புள்ளி, பொதுவானதிலிருந்து குறிப்பானதுக்கு இறங்கும் படிநிலை ஒன்றுக்கு 5, வரைபடத்தின் இரு வேறு பகுதிகளைச் சேர்க்கும் பொருளுள்ள குறுக்கிணைப்புக்கு 10. அந்த விகிதத்தைப் பாருங்கள். "தண்ணீர்த் தட்டுப்பாடு" ஒரு மூலையில், "நுளம்பு" மறு மூலையில். நடுவில் "வீட்டில் நீரை நிரப்பி வைக்கச் செய்து, மூடாதபோது பெருக்குகிறது" என்று ஒருவர் எழுதினால், அவருக்குப் பாடம் பிடிபட்டுவிட்டது. அந்த எண்களை அப்படியே எடுக்கத் தேவையில்லை. குழுவின் வரைபடத்துக்குச் சிறு பங்கு புள்ளி கொடுத்துவிட்டு, பெரும் பங்கைத் தனி எழுத்துக்கு வையுங்கள். வரைபடம் முன்னால் இல்லாமல், தன் குழு எந்த அம்பில் முரண்பட்டது, யார் என்ன சொன்னார், தான் எதை ஏற்றார் என்று ஒவ்வொருவரும் அரைப் பக்கம் எழுதட்டும். வாதத்தில் இல்லாதவரால் அதை எழுத முடியாது. நீங்கள் துப்பறியும் வேலையும் பார்க்க வேண்டாம்.

முகநூலில் போடலாமா?

கேட்காமல் போடக் கூடாது. வரைபடம் மாணவர்களின் ஆக்கம், பெயர்கள் அவர்களுடையவை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நாட்டில் இருக்கிறது என்பதைப் பணிப்பாளருக்கு மரியாதையாக நினைவூட்டலாம். தகராறு என்று வந்தால் சட்டத்தரணியிடம் கேளுங்கள். நான் சட்டம் படித்தவன் அல்லன். சட்டம் இல்லாவிட்டாலும் என் பதில் இதுதான். ஒரு நாள் எல்லோர் பார்வைக்கும் போகும் என்று தெரிந்தால் பிழையாக எழுத யாரும் துணிய மாட்டார்கள். பிழையாக எழுதத் துணியாத வரைபடத்தில் உங்களுக்குப் பார்க்க ஒன்றுமே இருக்காது. விளம்பரம் வேண்டுமென்றால் பெயரில்லாமல், சம்மதம் எழுதி வாங்கி, கற்கைநெறி முடிந்த பிறகு போடட்டும். அழிக்கப்பட்ட இணைப்போடு இருக்கும் இந்தப் படத்தை மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம்.

விட்டுவிடலாமா?

சில பாடங்களுக்கு விட்டுவிடுங்கள். தடுப்பூசி அட்டவணை, மருந்து அளவு, படிவங்களின் பெயர் இவையெல்லாம் மனனம் செய்ய வேண்டியவை. அதற்கு வரைபடம் வீண் அலைச்சல். சிறு வினாவிடை போதும். ஒன்று இன்னொன்றை எப்படி உண்டாக்குகிறது, தடுக்கிறது, கூட்டுகிறது என்று கேட்கக்கூடிய பாடங்களுக்கு மட்டும் வையுங்கள். மாதம் ஒன்று போதும். வாரா வாரம் வைத்தால் நீங்களும் களைப்பீர்கள், அவர்களும் சடங்காகச் செய்வார்கள். நேரச் செலவையும் மறைக்க மாட்டேன். பத்துக் குழு என்றால் பத்து வரைபடம் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் திருத்த முனையாமல், ஒவ்வொன்றிலும் ஓர் அம்பை மட்டும் வட்டமிட்டு "ஏன்?" என்று எழுதி அனுப்புங்கள்.

அடுத்த பாடம் கர்ப்பிணிகளின் போசாக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு "வீட்டில் மீனும் கீரையும் இருந்தும் கர்ப்பிணிக்கு இரத்தச்சோகை வருவது ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். இரும்புச்சத்து, தேநீர், உணவு வேளை, புழுத்தொற்று, சாப்பாட்டு வரிசையில் அவர் கடைசியாக உட்காருவது, கிளினிக்கில் கொடுக்கும் மாத்திரை, அதை உண்ணாமல் அலுமாரியில் வைப்பது ஆகியவற்றைப் பெட்டிச் சொற்களாகக் கொடுங்கள். உணவோடு குடிக்கும் தேநீர் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் என்பதை மட்டும் நீங்களே ஓர் அம்பாக வரைந்து காட்டுங்கள். மற்றவற்றை அவர்களிடம் விடுங்கள். கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மாரைப் பத்துக் குழுக்களுக்கும் பிரித்துப் போடுங்கள், ஒரே குழுவில் சேர்த்துவிடாதீர்கள். அந்த மாணவியையும் அக்காவையும் இப்போதைக்கு வெவ்வேறு குழுக்களில் வையுங்கள். விதியை வெள்ளிக்கிழமையே அனுப்பிவிட்டால் திங்கட்கிழமை தொடங்கலாம்.